உடலை வியந்தால் போதுமா?

கல்முனைக்குடிக் கடற்கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்போரைக் கண்டவர்கள் அவர்களுடைய கைகளையும் கண்டிருப்பர். உப்பு நீரும் கயிறும் ஆண்டாண்டாய் அராவிய கைகள். தோல் தடித்து, மூட்டுகள் புடைத்து, ரேகைகள் தேய்ந்துபோன கைகள். அந்தக் கையின் உள்ளமைப்பை அறிந்தவன் வியக்காமல் இருத்தல் அரிது. மணிக்கட்டையும் சேர்த்து ஒரு கையில் 27 என்புகள் உள்ளன. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. கரையில் நிற்கும் மனிதன் கடலிற் கிடக்கும் வலையைக் கயிற்றால் இழுக்கின்றான்; அவனுடைய கைக்குள்ளேயும் அதே தொழில் நடைபெறுகின்றது.

இவ்வியப்பைச் சமயம் தனக்குச் சாட்சியாக அழைத்துக்கொள்வது நேற்று இன்று தொடங்கிய வழக்கமன்று. கண்ணைப் பார், கையைப் பார், கருப்பையில் வளரும் சிசுவைப் பார். இத்தனை நுட்பமும் தானாக வந்திருக்குமோ என்று கேட்கும் சிறு பிரசுரங்களைக் கிறிஸ்தவ ஊழியர் நூற்றாண்டுக் கணக்காகத் தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் வழங்கி வந்துள்ளனர். எமது பள்ளிவாசல்களை அடுத்த மேடைகளிலும் அதே வாதம் வேறு உடை தரித்து வருகின்றது. மாணவர்கள் இவற்றைக் கேட்டுவிட்டு வகுப்பறைக்கு வந்து, "ஐயா, இது சரிதானா?" என்று வினவுகின்றனர். ஆசிரியர்களில் ஒரு சாரார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்கின்றனர். மற்றொரு சாரார், நம் தோழர்களே பெரும்பாலோர், ஓர் ஏளனச் சிரிப்போடு அதனை முடித்துவிடுகின்றனர். இரண்டும் பிழை என்பதே நமது கட்சி. வியப்பைக் கொண்டு வாதத்தை வெல்ல முயல்வோரையும் நாம் மறுக்கின்றோம். வியப்பையே வேண்டாமென்று எறிவோரையும் நாம் மறுக்கின்றோம். உடலை வியப்பவன் அந்த உடலுக்குக் கடமைப்பட்டவன். அக்கடமையை நிறைவேற்றாத வியப்பு வாய்ப்பந்தலே.

முதலில் வாதத்தை நோக்குவோம்.

139-ஆம் சங்கீதம் தாயின் கருவில் மனிதன் உருவாவதை எண்ணி இறைவனைத் துதிக்கின்றது. அது துதி, நிரூபணமன்று. துதியை நிரூபணமாக்கும் வேலையைப் பின்வந்தோரே செய்தனர். கிறிஸ்துவுக்குப் பின் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென் கிறிஸ்தவரல்லர். எனினும், உடலுறுப்புகளின் பயன் பற்றித் தாம் எழுதிய நூலைப் படைத்தவனுக்குச் செலுத்தும் துதியென்றே கருதினார். கிறிஸ்தவ ஐரோப்பா அவரை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார் இவ்வாதத்தைப் பெயர்பெற்ற உவமையொன்றில் அடைத்தார். வெளியிலே நடந்து செல்பவன் காலில் ஒரு கல் தட்டினால் அதன் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். ஒரு கடிகாரம் கிடந்தால் அதனைச் செய்தவன் ஒருவன் உண்டென்று முடிவு செய்வான். கண் கடிகாரத்தினும் நுட்பமானது; ஆகவே கண்ணைச் செய்தவன் உளன் என்றார் பேலி.

இந்நூல்களை இளமையில் விரும்பிப் படித்தவர் சார்ள்ஸ் டார்வின். அவரே 1859-இல் வெளியிட்ட நூலால் அக்கடிகாரத்தை நிறுத்தினார் என்பது வரலாற்றின் விளையாட்டு. கடிகாரம் குட்டி போடுவதில்லை. உயிர் இனம் பெருக்குகின்றது. பெருக்கத்தில் சிறு வேறுபாடுகள் தோன்றுகின்றன; பிழைக்க உதவும் வேறுபாடு நிலைக்கின்றது; கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒளியை உணரும் ஒரு புள்ளி கண்ணாகின்றது. இதனை ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவர்களும் பலர் உளர். மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆராய்ச்சிக்குத் தடையில்லையென 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசரே எழுதினார். எனவே நாம் மறுப்பது கிறிஸ்தவ விசுவாசத்தை அன்று. அதன் பெயரால் விற்கப்படும் ஒரு மலிவான தருக்கத்தையே மறுக்கின்றோம்.

மலிவானது என்று ஏன் சொல்கின்றோம்? இரண்டு காரணங்கள் உள.

ஒன்று: அது நிறைவை மட்டும் எண்ணிக் குறையை எண்ணுவதில்லை. எமது கரையிற் பிடிபடும் கணவாயை அறியாத சிறுவன் கல்முனைக்குடியில் இல்லை. அந்தக் கணவாயின் கண்ணில் ஒளியை உணரும் கலங்கள் முன்னும், நரம்பிழைகள் பின்னும் உள்ளன. மனிதனின் கண்ணிலோ நரம்பிழைகள் முன்னே கிடக்கின்றன. அவை ஒன்று திரண்டு விழித்திரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் பார்வையே இல்லை. அதனைக் குருட்டிடம் என்கின்றோம். பேலி புகழ்ந்த மனிதக் கண்ணில் உள்ள குருட்டிடம் கறிச்சட்டிக்குப் போகும் கணவாய்க்கு இல்லை! குரல்வளைக்குச் செல்லும் இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து நேரே அவ்விடம் செல்லாமல், நெஞ்சுக்குள் இறங்கிப் பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலே ஏறுகின்றது. ஒட்டகச்சிவிங்கியிலும் அதே வழிதான். நீண்ட கழுத்து முழுவதும் இறங்கி ஏறுகின்றது. மீனாக இருந்த மூதாதையின் உடலமைப்பை நினைத்தால் இது விளங்கும். தச்சன் ஒருவனின் திட்டமாக நினைத்தால் விளங்காது. இதிலும் ஏதோ நன்மை மறைந்திருக்கும் என்று சிலர் விடை கூறுவர். நிறைவு கண்டால் அது சான்று, குறை கண்டால் அது மறைபொருள் என்றால், எது கண்டாலும் குலையாத அவ்வாதம் எதனையும் நிறுவவில்லை என்பதே பொருள்.

இரண்டு: வியப்பே அறிவுக்குத் தாழ்ப்பாளாக மாறிய காலங்கள் உண்டு. காலென் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்குகளும் பன்றிகளுமே. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகள் வழியே குருதி செல்கின்றது என்று அவர் எழுதினார். அத்துளைகளை எவரும் காணவில்லை; ஆயினும் பல நூற்றாண்டுகள் பலரும் நம்பினர். துதிப்பாடலில் பிழை காண்பது பாவமென்று தோன்றியது போலும்! 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நபீஸ், அச்சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகின்றது என்று எழுதிவைத்தார். அவர் பக்தியுள்ள முஸ்லிம். சட்டமும் ஹதீதும் கற்றவர். பக்தி அவருடைய கண்ணைக் கட்டவில்லை. ஐரோப்பாவில் அதே வழியை எழுதியவர் மிகுவெல் செர்வெத்து. எழுதியது ஓர் இறையியல் நூலில். அந்நூலின் சமயக் கருத்துகளுக்காக 1553-இல் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தனர். படைப்பின் பெருமையைப் பாடிய அதே கைகள் படைப்பின் மிக நுட்பமான உடலொன்றைத் தீயிலிட்டன. அத்தீயை வாசகர் மறவாதிருக்க வேண்டும். பின்னர் அது வேறோர் இடத்தில் மீண்டும் எரியும்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டு கைதட்டும் தோழர்களை இனி நாம் நோக்குவோம். குருட்டிடத்தைக் காட்டியாயிற்று, பேலியை வீழ்த்தியாயிற்று, கூட்டம் கலைந்தது. பின்னர் யாது செய்தோம்? உடலை வியந்த அந்தக் கிறிஸ்தவர்களிற் சிலர் வியந்ததோடு நிற்கவில்லையே! அவர்கள் செய்ததை நாம் செய்திருக்கின்றோமா?

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். மதம் பரப்ப வந்தவர் என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. அவருடைய கல்லறையிலேயே தமிழருக்கு மருத்துவ வழியில் நற்செய்தி சொன்னவர் என்னும் பொருள்படப் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த நோக்கத்தில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள். தமிழைக் கற்றார். கட்டரின் உடல்நூலைத் தமிழாக்கி 1857-இல் வெளியிட்டார். உடலமைப்புக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலுக்குச் சுகரணம் என்றும் சொல் வழங்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் என்று துறை துறையாக நூல்கள் வந்தன. கிறேயின் பெருநூல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. அவர் முயற்சியால் வந்த தமிழ் மருத்துவ ஏடுகள் 4,000 பக்கத்துக்கு மேற்பட்டவை. தெய்வங்களுக்கும் தலைவியருக்கும் பாதாதிகேசம் பாடிப் பழகிய மொழி, முதன்முறையாக ஒரு சாதாரண மனிதனின் உடலை, அவன் எக்குலத்தவனாயினும், என்பு என்பாகவும் நரம்பு நரம்பாகவும் அச்சில் விவரித்தது.

1864-இல் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். காரணம் உணர்ச்சிவசமானதன்று, கணக்கானது. ஆங்கிலத்திற் கற்றவன் சம்பளத்தைத் தேடிப் பட்டினத்துக்குச் செல்கின்றான். தமிழிற் கற்றவன் கிராமத்திலே தங்குவான் என்பது அவர் கண்ட உண்மை. 1873-இல் அவர் ஊர் திரும்பினார், 1884-இல் மறைந்தார். அவருக்குப் பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவக் கல்வியின் மொழி ஆங்கிலமே. இன்றும் இந்நாட்டின் எல்லா மருத்துவ பீடங்களிலும் அதுவே. கல்முனை ஸாஹிறாவிலும் வெஸ்லியிலும் கார்மேல் பற்றிமாவிலும் உயிரியலைத் தமிழிற் கற்கும் பிள்ளைகள், மருத்துவ பீடத்தின் வாயிலில் தம் மொழியைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே செல்கின்றனர். மீண்டும் எமது வைத்தியசாலைக்கு வரும்போது, நோயாளியின் மொழியில் நோயை விளக்கும் சொல் அவர்களிடம் இருப்பதில்லை. ஒரு பாதிரிமார் சபையின் மருத்துவர் 150 ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டியதை, தமிழுக்காக உயிரைக் கொடுப்போம் என்று மேடையில் முழங்கிய நாம் ஏன் தொடரவில்லை? ஏளனச் சிரிப்பு இக்கேள்விக்கு விடையாகாது.

கிறீனுக்கு முன்னர், 1820 முதல், பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தவர் ஜோன் ஸ்கடர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே இரவில் மூவர் அவரிடம் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவ வேண்டினர். தாம் மருத்துவரல்லர், தந்தையே மருத்துவர் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எம் பெண்களைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். மூன்று பெண்களும் இறந்தனர். அவர்களுள் ஒருத்தி பிராமணப் பெண். ஒருத்தி முஸ்லிம் பெண். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று வந்து, 1900-இல் வேலூரில் தொடங்கிய பணி பெரிய வைத்தியசாலையாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே தோன்றியது. கருப்பையின் அற்புதத்தைப் பற்றி அந்த மூன்று கணவன்மாரின் வீடுகளிலும் மந்திரமும் வேதவாக்கும் இல்லாமலா இருந்திருக்கும்? அற்புதம் என்று சொன்னார்கள்; ஆனால் அந்த அற்புதத்தைத் தாங்கிய பெண்ணைச் சாக விட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு கணக்கை வாசகர் முன் வைக்கின்றோம். 1940-களின் தொடக்கத்தில் இலங்கையில் 1 இலட்சம் பிறப்புகளுக்கு 1,500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 40-க்கும் குறைவு. இந்த 80 ஆண்டுகளில் பெண்ணின் இடுப்பெலும்பு மாறிற்றா? சிசுவின் தலை சிறுத்ததா? இல்லை. நிமிர்ந்து நடக்கும் இடுப்பும் பெரிய மூளையும் ஒன்றோடொன்று முரண்படும் அந்தப் பழைய நெருக்கடி அப்படியேதான் இருக்கின்றது. உடலின் அமைப்பு மாறவில்லை. சமூகத்தின் அமைப்பு மாறியது. சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற மருத்துவமாது, கட்டணமில்லா வைத்தியசாலை, 1945-இன் இலவசக் கல்வியால் எழுத்தறிந்த பெண், மலேரியாவின் வீழ்ச்சி, குருதி வங்கி ஆகியவையே அத்தாய்மாரைக் காத்தன. வியப்புக்குரிய வடிவமைப்பு ஒன்று உண்டென்றால், மக்கள் போராடிப் பெற்ற இந்த வடிவமைப்பையும் வியந்து பேசுங்கள்! ஆனால் இலவச மருத்துவத்தை அற்புதம் என்று எந்தப் பிரசுரமும் அச்சிடுவதில்லை. அதனைச் சிறிது சிறிதாக அரிந்து தனியார் வணிகத்துக்கு விற்கும்போது எந்த மேடையும் கண்ணீர் வடிப்பதுமில்லை.

வேலூரின் வரலாற்றில் இன்னொரு மனிதரும் உண்டு. போல் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஊழியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் மடங்கி இறுகிய கைகளைக் கண்டார். நரம்பு செத்தமையால் உள்ளங்கைச் சிறுதசைகள் வலுவிழந்து விரல்கள் நகம்போல் வளைகின்றன. ஆனால் முன்கையில் வேறு நல்ல தசைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் தசைநாணை எடுத்து விரலோடு இணைத்தார். மூடிக் கிடந்த கை விரிந்தது. கையின் அமைப்பை அவர் வியந்த முறை இது: கத்தியெடுத்து, இரவல் தசைநாண் கொடுத்து, கூலிக்காரனின் கையை அவனிடமே திருப்பித் தருதல்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இதனினும் ஆழமானது. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. அவ்வாறன்று, வலியுணர்ச்சி செத்துப்போனதே காரணம் என்று பிராண்ட் காட்டினார். துருப்பிடித்த பூட்டைத் திறக்கும் சிறுவன் தன் விரல் என்புவரை வெட்டுண்டதை அறியான்; இரவில் எலி வந்து கடித்தாலும் உறங்குபவன் விழிப்பதில்லை. வலி இல்லாமையே விரலைத் தின்றது. பின்னர் அமெரிக்காவில், செயற்கையாக வலியை உணர்த்தும் கருவியொன்றைச் செய்ய ஆண்டுக்கணக்காக முயன்று தோற்றார். சாதாரண மனிதன் சபிக்கும் வலியே உடலின் மிக அரிய கொடை என்னும் முடிவுக்கு வந்தார். 1980-இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து, அந்தச் சங்கீதத்தின் சொற்களையே தலைப்பாக்கி, உடலைப் பற்றி நூலெழுதினார். வலியை இறைவனின் திட்டம் என்றார் அவர். உயிரினங்கள் பிழைத்திருத்தற்குப் பரிணாமம் அளித்த காவல் என்போம் நாம். விளக்கத்தில் வேறுபடுகின்றோம். ஆனால் அவர் நீட்டிய கையை நாம் பற்றிக்கொள்கின்றோம். ஏனெனில் அவருடைய விசுவாசம் யாரையும் தருக்கத்தில் தோற்கடிக்கப் புறப்படவில்லை. உலகம் தொட மறுத்த உடலைத் தொடப் புறப்பட்டது. எமது மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு என்னும் தீவில் தொழுநோயாளரை உறவினரிடமிருந்து பிரித்து வைத்திருந்த வைத்தியசாலையை முதியோர் அறிவர். அத்தீவை நினைத்தால், தொடுதல் என்பது எவ்வளவு பெரிய செயல் என்பது விளங்கும்.

வலியுணர்ச்சி இழந்த கை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். நோயாளிக்கு அது நேர்ந்தது அவன் குற்றமன்று. அவனுக்கு மருந்து உண்டு, மாற்று உண்டு. ஆனால் தன் நரம்பைத் தானே அறுத்துக்கொள்ளும் அரசுக்கு யாது மருந்து?

2020-ஆம் ஆண்டு வசந்தத்தில் கொரோனாவால் இறந்தோரைத் தகனம் செய்வதே கட்டாயம் என்று இலங்கை அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறிற்று; இந்நாட்டில் மட்டும் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று கதை கட்டப்பட்டது. டிசம்பர் 1-இல் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு ஏற்காது தள்ளியது. மனுச் செய்தோருள் முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் இருந்தனர். அம்மாதம் 9-இல், பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் சிசு பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. அடக்கத்தால் ஆபத்தென்பதற்குச் சான்றில்லை என்று 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமே கூறிய பின்னும் தீ அணையவில்லை. பெப்ரவரி இறுதியில்தான் விதி தளர்ந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அம்மண்ணில் 3,000-க்கு மேற்பட்டோர், எல்லாச் சமயத்தவரும், உறங்குகின்றனர். 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது.

செர்வெத்துவை எரித்த தீயை மறவாதிருக்க வேண்டினோமே, அது இதற்காகத்தான். அன்று உயிருள்ள உடல். இன்று உயிர் பிரிந்த உடல். அன்றும் இன்றும் தீ வைத்தவர்கள் தூய்மையின் பெயராலேயே வைத்தனர். இதில் நம் வீட்டுக் கணக்கும் உண்டு. அந்தத் தீ எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரிலேதான் எதிர்க்கட்சி ஆசனங்களிலிருந்த முஸ்லிம் உறுப்பினர் சிலர் 20-ஆம் திருத்தத்துக்கு வாக்களித்து ஜனாதிபதியின் கையை வலுப்படுத்தினர். சமுதாயத்தின் வலியைத் தலைமைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நரம்புகளே மரத்துப்போன காட்சி அது.

உடல் இறைவனின் கைவேலை என்று நம்பும் கிறிஸ்தவரையும், உடல் இறைவனின் அமானிதம் என்று நம்பும் முஸ்லிமையும், உடல் இயற்கையின் நெடும் உழைப்பால் விளைந்தது என்று கொள்ளும் நம்மையும் அந்த வேலியிற் கட்டிய வெள்ளைத் துணி ஒரே பக்கத்தில் நிறுத்தியது. எந்தக் கிறிஸ்தவர் அங்கு வந்து நின்றாரோ அவருடைய வியப்பு மெய்யானது. எந்தப் பகுத்தறிவாளர், "இறந்த உடல் எரிந்தாலென்ன, புதைந்தாலென்ன" என்று அறிவுரை கூறிவிட்டு வீட்டிலிருந்தாரோ, அவருடைய அறிவு பொய்யானது. அழுபவளின் முன் நின்று இரசாயனம் பேசுவது விஞ்ஞானமன்று. 2004-இல் கடல் எழுந்து அம்பாறைக் கரையில் 10,000-க்கு மேற்பட்டோரைக் கொன்ற நாளில், மணலிலும் பனையடியிலும் கிடந்த உடல்களைப் பொறுக்கி மண்ணுக்கு ஒப்படைத்த எமது ஊரார்க்கு, உடலை மதித்தல் என்றால் என்னவென்று எவரும் பிரசுரம் அச்சிட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆசிரியத் தோழர்களிடம் நாம் வேண்டுவது இது. மனித உடலைக் கற்பிக்கும் நாளில் வியப்புக்கு அஞ்சாதீர்கள். மாணவனைத் தன் முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கச் சொல்லுங்கள். உள்ளே தசைநாண் ஓடுவதை அவன் உணரட்டும். பின்னர் ஒரு கண்ணை மூடச் செய்து குருட்டிடத்தையும் காட்டுங்கள். கணவாயின் கண்ணை அறுத்துக் காட்டுங்கள். இப்னு அந்நபீஸையும் டார்வினையும் சொல்லுங்கள். கிறீன் தமிழில் எழுதியதையும் பிராண்ட் வேலூரில் விரித்த கைகளையும் சொல்லுங்கள். ஒரு கிறிஸ்தவப் பிள்ளை தன் விசுவாசத்தை வகுப்பில் எடுத்துரைத்தால் அதனை நகைக்காதீர்கள். அந்த விசுவாசம் அவனை யாருடைய படுக்கையருகே கொண்டுசெல்லும் என்று மட்டும் கேளுங்கள். அதே கேள்வியை முஸ்லிம் பிள்ளையிடமும், எந்த நம்பிக்கையும் இல்லாத பிள்ளையிடமும், உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். மருத்துவம் கற்கச் செல்வோர், கற்ற நோய்களைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். வட்டையில் நாற்று நடும் பெண்ணும் மருதமுனையில் தறியில் இருப்பவரும் தம் நோயைத் தாமே படித்து அறியும்படி எழுதுங்கள். கிறீன் அந்நிய மொழியாகக் கற்றுக்கொண்டு செய்ததை, தாய்மொழியாகப் பெற்ற நீங்கள் செய்வதற்கு யாது தடை?

விடிந்தால் கல்முனைக்குடிக் கரையில் வலைக்கயிறு மீண்டும் இழுபடும். அந்தக் கையைப் படைத்தவன் யார் என்னும் விவாதம் நீண்டு நடக்கட்டும். நமக்கு அதில் அவசரமில்லை. அந்தக் கை இழுத்த மீனின் விலையை நிர்ணயிப்பவன் யார், அது காயப்பட்டால் தைப்பவன் யார், அது உயிரற்றுப் போனால் மதிப்போடு மண்ணில் வைப்பவன் யார் என்னும் கேள்விகளுக்கு விடை இன்றே வேண்டும். அவ்விடையைத் தேடும் வேலைக்கு வருகின்ற எவரையும், அவர் சிலுவையணிந்து வந்தாலும் தொப்பியணிந்து வந்தாலும் வெறுந்தலையோடு வந்தாலும், நாம் தோழர் என்றே அழைப்போம்.